நாயின் முதுகில் பை: எதை வாங்குவது, எவ்வளவு ஏற்றுவது

திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் குதிரைப் பொதி இன்னும் இருக்கிறது. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில்தான் சாலைக்கு வருகின்றன. ஒரு காலையில் பழையூர்ப் பக்கம் ஒரு குதிரைக்காரர் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் சாக்கை ஏற்றிவிட்டு, குதிரைக்குப் பின்னால் போய் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வலப்பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது. அவர் மூட்டையைப் பிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து இடப்பக்கச் சாக்கில் செருகினார். "கனம் கூடுனாக்கூடத் தாங்கிக்கிரும். ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா முதுகு புண்ணாப் போகும்" என்றார்.

என் பக்கத்தில் கருப்பன் நின்றிருந்தான். என் நாட்டு நாய், 19 கிலோ. அவன் முதுகில் இணையத்தில் 1,400 ரூபாய்க்கு நான் வாங்கிய பை. அரை மணி நேரமாக அது இடப்பக்கம் சரிந்துகொண்டே இருந்தது, நானும் நிமிர்த்திவிட்டுக்கொண்டே வந்தேன். அன்று மாலை கழற்றியபோது வலது முன்னங்கால் அக்குளில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி போய்த் தோல் சிவந்திருந்தது. நான்கு மணி நேர நடையில் அவன் ஒருமுறைகூட முனகவில்லை.

நாய் சொல்லாது. அதனால் வாங்குவதற்கு முன்பே நாம்தான் யோசித்தாக வேண்டும். அதற்குப் பிறகான இரண்டு வருடங்களில், கருப்பனையும் நண்பன் வீட்டு லாப்ரடார் ராணியையும் (31 கிலோ) வைத்துக்கொண்டு மூன்று நான்கு வகைப் பைகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர் வெயிலுக்கும் ஓடைகளுக்கும், ஹார்னஸ் (நாயின் மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) உடம்பிலேயே இருக்க, பைகளை மட்டும் தனியாகக் கழற்ற முடிகிற வகைதான் சரி. ஏன் என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. உங்கள் நாய் சுமக்கலாமா?

ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிக்கு வேண்டவே வேண்டாம். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதிகள், மூடிய பிறகுதான் சுமை. நடுத்தர நாய்க்கு ஒன்றரை வயது வரை பொறுப்பது நல்லது, கிரேட் டேன் மாதிரிப் பெரிய இனங்களுக்கு இரண்டு வயது வரைகூட. மூக்கு சப்பையான பக், ஷிட்சூ போன்றவை வெறும் உடம்போடு ஏறினாலே மூச்சு வாங்குபவை, அவற்றை விட்டுவிடுங்கள். டாக்ஸண்ட் மாதிரி நீண்ட முதுகு, குட்டைக் கால் உள்ளவற்றுக்குத் தண்டுவட வட்டுப் பிரச்சினை எளிதில் வரும், அவற்றையும் விட்டுவிடுங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்கள் இடுப்பு மூட்டை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். ராணிக்கு அப்படித்தான் செய்தோம்.

அடுத்தது எடை. திடமான, பழகிய நாய் தன் எடையில் 25 சதவீதம் வரை சுமக்கலாம் என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் படிக்கலாம். குளிர்ந்த ஊரில், பல மாதம் பழக்கிய நாய்க்கு அது இருக்கட்டும். நான் 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கருப்பனுக்கு 10 சதவீதம் என்றால் 1 கிலோ 900 கிராம். இதில் பையின் சொந்த எடையும் அடக்கம். கொஞ்சம் உறுதியான பை என்றாலே 600 முதல் 900 கிராம் வரை வந்துவிடுகிறது. மிச்சம் ஒரு கிலோ சொச்சம். அதாவது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குச் சும்மா இருந்தாலே கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும், 19 கிலோ நாய்க்கு அதுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகிறது. ஆக, நாய் தன் தண்ணீரைத் தானே தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நம் டென்ட்டையோ சமையல் அடுப்பையோ அதன் மேல் ஏற்றலாம் என்று நினைத்து யாரும் பை வாங்க வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, வாங்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றினால் அது தப்பான முடிவு இல்லை. இரண்டு மணி நேர நடைக்கு ஒரு லிட்டர் பாட்டிலையும் ஒரு மடக்குக் கிண்ணத்தையும் உங்கள் முதுகுப் பையில் போட்டுக்கொள்வதுதான் நாய்க்கு நல்லது. பத்து கிலோவுக்குக் குறைந்த நாய் என்றால் எனக்கு இது ஒன்றே வழி. அதற்குப் பை தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அரை நாள், ஒரு நாள் நடை, நடுவில் நம்பத் தகுந்த தண்ணீர் இல்லை, நாய் திடமானது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இணையத்தில் அதிகம் விற்பது நான் முதலில் வாங்கிய வகை. ஒரு துணிப்பட்டையின் இரண்டு பக்கமும் பை, கழுத்துக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு ஒரு பட்டை. பார்க்க நன்றாக இருக்கும், பாக்கெட்டுகள் ஏராளமாக இருக்கும். கோளாறு எங்கே என்றால், பையைத் தாங்குவதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. முழு எடையும் அந்த இரண்டு பட்டைகளில்தான் தொங்குகிறது. இறுக்கினால் அக்குளை அறுக்கும், தளர்த்தினால் சரியும். சில மாடல்கள் காட்டன் கான்வாஸில் வருகின்றன. கான்வாஸ் மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், காயவும் நாளாகும். கயிறு மாட்டும் வளையம் பையின் துணியிலேயே தைத்திருந்தால் உடனே விலகிவிடுங்கள். நாய் ஒரு அணிலைக் கண்டு பாயும்போது இழுபடுவது பைதான், உடம்பு இல்லை. தெருவைச் சுற்றி வரவும், பைக்குப் பழக்கவும் இது போதும். மலைக்கு ஆகாது.

இரண்டாவது, ஹார்னஸும் பையும் ஒரே துண்டாகத் தைத்தது. 1994-இல் தொடங்கிய, அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்து பெண்ட் நகரில் இருக்கும் ரஃப்வேர் நிறுவனத்தின் அப்ரோச் என்ற பை இந்த வகை. நாய்களுக்கான மடக்குத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஆரம்பித்தவர்கள் அவர்கள். ஒரே துண்டில் நன்மை நிறைய. கழுத்து, மார்பு, வயிறு எனப் பல இடத்தில் பட்டை பிடிப்பதால் எடை பரவுகிறது, பை ஆடுவதில்லை. முதுகில் ஒரு கைப்பிடி இருக்கும், பாறை ஏறும்போது நாயை அப்படியே தூக்கிவிடலாம். எடையும் கழற்றும் வகையைவிடக் குறைவு. ராணிக்கு நாங்கள் இரவல் வாங்கிப் போட்டது இந்த வகைதான். மூன்று மணி நேரம் ஏறி இறங்கியும் ஒரு முடி கலையவில்லை.

ஆனால் ஓடையைக் கண்டதும் ராணி நிற்கவில்லை. லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் நிற்குமா? பையோடு இறங்கிப் படுத்துவிட்டாள். மறுபடி எழுந்தபோது இரண்டு பையிலும் தண்ணீர், பிஸ்கட் கூழ், முதுகில் மூன்று நான்கு கிலோ. கழற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். கழற்றினால் கயிறு மாட்ட இடமில்லை, வெறும் கழுத்துப் பட்டைதான். ஒவ்வொரு ஓய்விலும் இதே கதை. குளிரும் பனியுமான ஊரில் காலையில் மாட்டி மாலையில் கழற்றலாம். இங்கே அரை மணிக்கு ஒருமுறை முதுகுக்குக் காற்று வேண்டும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கை நீட்டி இரைப்பதுதான் அதன் ஒரே மின்விசிறி. சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இரண்டு விலாவையும் நைலானால் மூடிவிட்டு மலையேறச் சொல்வது, நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறுவது மாதிரி. அதனால்தான் கழற்றுவது எவ்வளவு சுலபம் என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

மூன்றாவது வகையில் ஹார்னஸ் தனி, பைகள் தனி. கிளிப்பை விட்டால் பைகள் மட்டும் கையோடு வந்துவிடும், ஹார்னஸ் நாயின் மேலேயே இருக்கும். ரஃப்வேரின் பாலிசேட்ஸ் என்ற பை இப்படிப்பட்டது. அமெரிக்காவிலேயே கிரவுண்ட்பேர்ட் கியர் என்றொரு சிறு நிறுவனம், நாயின் அளவுக்கு ஏற்ற ஹார்னஸும் கழற்றும் பைகளும் செய்கிறது. நண்பனின் உறவினர் ஊருக்கு வரும்போது ஒரு செட் கொண்டுவந்தார், அதைத்தான் கருப்பனுக்கு இன்றும் போடுகிறேன். ஓடை வந்தால், உட்கார்ந்தால், சாப்பிட நின்றால் பைகளை எடுத்துவிடுவேன். பத்து விநாடி வேலை. உண்ணிச்செடிப் புதர் வழியை அடைக்கும் இடத்தில் பைகளை நான் தோளில் போட்டுக்கொண்டு அவனை வெறும் ஹார்னஸோடு முன்னால் விடுவேன். இல்லாவிட்டால் பக்கத்துக்கு ஒரு சாண் அகலமுள்ள பை அந்த முட்கொப்புகளில் மாட்டிக்கொண்டே வரும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே துண்டைவிட எடை கூடுதல், விலையும் கூடுதல். இந்தத் தரத்துப் பைகள் அமெரிக்காவிலேயே 100 டாலரைத் தாண்டும், இங்கே வரவழைத்தால் சுங்கமும் அனுப்பும் செலவும் சேரும். பாலிசேட்ஸோடு ஒரு லிட்டர் கொள்ளும் மடக்குத் தண்ணீர்ப் பைகள் இரண்டு வரும். இரண்டையும் நிரப்பிவிட்டால் இரண்டு கிலோ, அதாவது கருப்பனின் மொத்த வரம்பும் அங்கேயே தாண்டிவிட்டது. கொடுத்திருக்கிறார்களே என்று நிரப்பாதீர்கள், பாதிப் பாதி போதும்.

அப்படியென்றால் அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள்? அவர்களுக்காகத்தான் நான்காவது வழியைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நாயின் உடம்பில் சரியாக உட்காரும் நல்ல ஹார்னஸ் ஒன்றை மட்டும் கடையில் நாயைக் கூட்டிக்கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பைகளை ஊரில் ஸ்கூல் பேக் தைப்பவரிடம் தைத்துக்கொள்ளுங்கள். ராணிக்கு இப்போது இருப்பது அதுதான். பழைய டிராவல் பேக் துணி, உள்பக்கம் மெல்லிய ஃபோம், ஹார்னஸின் முதுகுப் பட்டையில் மாட்ட இரண்டு கிளிப், வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கட்ட ஒன்று. திண்டுக்கல்லில் எங்களுக்குத் தைத்துக் கொடுத்தவர் முதலில் நம்பவில்லை, பிறகு ராணியையே கடைக்கு வரச் சொல்லி அளவெடுத்தார். பையின் அடிப்பக்கத்தை முன்னோக்கிச் சாய்த்து வெட்டலாம் என்ற யோசனை அவருடையது. எடை தானாகத் தோளுக்குப் பக்கம் வந்துவிட்டது.

அந்தச் சாய்வு முக்கியமானது. நாய் சும்மா நிற்கும்போதே அதன் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. முதுகெலும்பை ஒரு பாலம் என்று வைத்துக்கொண்டால் முன்னங்கால்கள் அதன் பெரிய தூண்கள். சுமை தூணுக்குப் பக்கத்தில், அதாவது தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் விலா எலும்புகளின் மேல் உட்கார வேண்டும். கடைசி விலாவைத் தாண்டி இடுப்புப் பக்கம் போனால் பாலத்தின் நடுவில் லாரியை நிறுத்திய மாதிரி. தோள்பட்டையின் மேலேயும் ஏறக் கூடாது. நாய்க்கு நமக்கிருப்பது போன்ற காறை எலும்பு கிடையாது, முன்னங்கால்களைத் தசைகள்தான் உடம்போடு பிடித்திருக்கின்றன. தோள்பட்டை முன்னும் பின்னும் தாராளமாக நகர இடம் வேண்டும்.

எந்த வகையை எடுத்தாலும் அளவெடுக்காமல் வாங்காதீர்கள். தையல்கார இஞ்ச் டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். கழுத்தையும் அளக்க வேண்டும். மீடியம், லார்ஜ் என்ற பெயரை நம்ப வேண்டாம், சென்டிமீட்டரைப் பாருங்கள். பட்டையை இறுக்கிய பிறகு இரண்டு விரல் தட்டையாக உள்ளே போக வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நாய்களுக்கு நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டி மேலே ஏறியிருக்கும். லாப்ரடார் உடம்பை மனதில் வைத்து வெட்டிய பைகளில் மார்புச் சுற்றளவுக்கு ஏற்றதை எடுத்தால் வயிற்றுப் பட்டை தொங்கும். அதை இறுக்கினால் ஒட்டிய வயிற்றை நோக்கிப் பின்னால் நழுவி, பையையும் இழுத்துக்கொண்டு இடுப்புக்குப் போய்விடும். மார்பின் முன்பக்கம் ஒய் வடிவில் பட்டை உள்ள ஹார்னஸ், வயிற்றுப் பட்டை நெஞ்செலும்பின் மேலேயே முடிகிற மாதிரி, இது இரண்டும் இருந்தால்தான் அவற்றுக்குப் பை நிற்கும். தோலும் மெல்லியது, முடியும் குட்டை. பட்டையின் உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்துக்கு உடம்பு இன்னும் பெரிது, பொதி தாங்கும். ஆனால் அந்த இளஞ்சிவப்புத் தோலும் வெள்ளை முடியும் வெயிலில் சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் நான் அதிகாலை நடைக்கு மட்டும்தான் சொல்வேன்.

வாங்கிய அன்றே மலைக்குப் போகாதீர்கள். கருப்பனுக்கு மூன்று வாரம் ஆனது. முதல் நாலைந்து நாள் சோறு வைக்கும்போது மட்டும் வெறும் ஹார்னஸ். அப்புறம் காலிப் பைகளோடு வீட்டுக்குள். அதற்குப் பிறகு பைகளில் பழைய தினத்தாளைக் கசக்கி அடைத்தேன். கனமே இருக்காது, அகலம் மட்டும் இருக்கும். அன்றுதான் அவன் சமையலறைக் கதவில் இரண்டு தரம் முட்டிக்கொண்டு, மூன்றாவது தரம் நின்று, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே நுழைந்தான். தன் அகலம் மாறியிருப்பதை நாய் இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. ஒடுங்கிய பாதையில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் இடத்தில், இந்தப் பாடம் இல்லாத நாய் பாறையில் இடித்துத் தடுமாறும். பிறகு பக்கத்துக்குக் கால் கிலோ அரிசி, ஒரு வாரம் கழித்து அரை கிலோ.

ஏற்றுவதைப் பற்றிக் குதிரைக்காரர் சொன்னதற்கு மேல் அதிகம் இல்லை. சமையலறைத் தராசில் இரண்டு பையையும் தனித்தனியே நிறுத்துவிடுங்கள். கனமானது முன்னாலும் கீழேயும், மெத்தென்றது உடம்பை ஒட்டி. தண்ணீரை இரண்டு அரை லிட்டர் பாட்டிலில் பிரித்துக்கொண்டு, இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்றையே காலி செய்தால் பை மறுபக்கம் சாயும், அப்போது ஒரு கல்லைச் செருகிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பாடு, காட்டன் துணி, பாதத்துக்கு ஒரு பழைய சாக்ஸ், மலம் அள்ளும் கவர் எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு வையுங்கள். வண்டிச் சாவி, போன், உங்கள் மாத்திரை ஆகியவை நாயின் பையில் போகக் கூடாது. நாய் ஓடிவிட்டால் எல்லாம் ஓடிவிடும்.

நடையில் ஒவ்வொரு ஓய்விலும் பையை எடுத்துவிட்டு, பட்டை இருந்த இடங்களில் உள்ளங்கையால் முடிக்கு எதிராகத் தடவுங்கள். முடி சுருண்டோ, ஒரு இடம் மட்டும் வழவழவென்றோ இருந்தால் அங்கே உரசுகிறது என்று அர்த்தம், இன்னும் ஒரு மணி நேரத்தில் அது புண். அக்குள், நெஞ்சின் அடி, கழுத்தடி, இந்த மூன்று இடங்களையும் விடாதீர்கள். ஈறு செங்கல் நிறத்துக்குப் போனாலோ, எச்சில் கயிறு மாதிரித் தடித்து ஒழுகினாலோ, கால் பின்னினாலோ பையை உங்கள் தோளுக்கு மாற்றிவிட்டு, நிழலில் படுக்க வைத்து, வயிற்றையும் தொடைகளின் உள்பக்கத்தையும் தண்ணீரால் நனையுங்கள். தேறினாலும் அன்று நடை அவ்வளவுதான், நேராக மருத்துவரிடம். பாறையின் மேல் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அது நாய் நடக்கும் நேரமும் இல்லை.

எங்கே நடப்பது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், சரணாலயம் பக்கம் நாயைக் கூட்டிப்போகாதீர்கள், காப்புக்காட்டுக்குள்ளும் வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன, அவற்றில் சிலவற்றிடம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நம் மலைகளில் செந்நாய் இருக்கிறது, அதற்கும் அது வரும். பை நிறைய மருந்து வைத்திருந்தாலும் நாய் விட்டுவிட்டுப் போகும் எச்சத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தோட்டத்துப் பாதைகள், ஊர்களுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதைகள், அனுமதி கேட்டுப் போகும் தனியார் எஸ்டேட் சாலைகள் போதும். அங்கேயும் காட்டுமாடு வரும். குரைத்துவிட்டு நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே அதுவும் வரும். கயிறு கையிலேயே இருக்கட்டும். சாயங்காலம் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், சிறுத்தைக்கு நாய் எளிய இரை. தடுப்பூசிகள், எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்த்து, நடப்பில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பட்டைகளைத்தான் கழுவுகிறேன். காய்ந்த சேறும் புல்விதையும் அடுத்த நடையில் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். கருப்பனின் பைகளை உள்பக்கம் வெளியே திருப்பி, கொடியில் நிழலில் காயப் போடுவேன். அதற்குள் அவன் வாசல் படியில் படுத்துக் காலை நீட்டியிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அக்குளிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்க்கக் கால் மணி நேரம் ஆகும்.